ஏழு மில்லிமீட்டர் உயிர்!

ஹாஸ்டல் ரூமில் துணி காயப்போட நைலான் கயிறு கட்டியிருப்பீங்களே... அதில் நாலு ஈர ஜீன்ஸ் தொங்கும். நீங்க தொங்குவீங்களா?

'ஷோலே' படம் எடுத்த ராம்நகர் பாறைகள் தெரியும்தானே? பெங்களூரிலிருந்து சுமார் 50 கி.மீ. ராக் க்ளைம்பிங் கத்துக்க எங்க காலேஜ் கோஷ்டி அங்கே கிளம்பினப்போ, 'எதுக்கும் இருக்கட்டும்'னு நானும் ஒரு கயிறு கொண்டு போனேன். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் வாங்கினது! ட்ரெய்னர் அதை விரலால் உருட்டிப் பார்த்துட்டு, "டென்ட் கட்ட வெச்சுக்கோ தம்பி"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். தன் பையிலிருந்து அதே தடிமனில் வேறொரு கயிறை எடுத்தார். அதுக்குப் பேர் ஆக்ஸசரி கார்டு. (ஏ.டி.எம். கார்டு இல்லைங்க!)

ஏறுகிறவரைப் பிடிக்கிற மெயின் ரோப் வேற. 9, 10 மி.மீ. தடிமனில், ஆள் விழும்போது கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கும். நம்ம சின்னக் கயிறு 4 முதல் 8 மி.மீ.தான். அவ்வளவா நீளாது. அதனால மெயின் ரோப்புக்குப் பதிலா இதைக் கட்டிக்கிட்டு ஏறவே கூடாது. பாறை உச்சியில் அடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டையும் இணைச்சு, மெயின் ரோப்பை மாட்ட ஒரே புள்ளியை உருவாக்குறதுதான் இதன் வேலை. அந்த அமைப்புதான் 'ஆங்கர்'. மேலே அது போச்சுன்னா, கீழே ரோப் எவ்வளவு காஸ்ட்லியா இருந்து என்ன புண்ணியம்?

வாங்கும்போது லேபிளில் 'ஈ.என். 564' இருக்கான்னு பாருங்க. ஐரோப்பிய ஸ்டாண்டர்டு. கணக்கு ரொம்ப சிம்பிள். தடிமனை மில்லிமீட்டரில் ஸ்கொயர் பண்ணி 200-ஆல் பெருக்கினா, குறைஞ்சது எத்தனை நியூட்டன் தாங்கணும்னு வந்துடும். 5 மி.மீ.க்கு 5,000. 6-க்கு 7,200. 7-க்கு 9,800. ஆங்கருக்குப் பலரும் எடுக்கிறது 7 மி.மீ. நைலான், சுமார் 6 மீட்டர் நீளம்.

"9,800 நியூட்டன்னா ஒரு டன் எடை சார்! அப்புறம் என்ன பயம்?"னு கேட்டேன். மனுஷன் பதிலே சொல்லலை. ஒரு கயிற்றின் நடுவில் தண்ணி நிரம்பிய பக்கெட்டை மாட்டி, ரெண்டு முனையையும் எங்க ரெண்டு பேர் கையில் கொடுத்து, "கயிறு நேர்க்கோடா ஆகுற வரைக்கும் இழுங்க"ன்னார். கைகள் பக்கத்துல பக்கத்துல இருந்தப்போ ஈஸி. விலக விலக... உள்ளங்கை எரிஞ்சது, தோள் நடுங்கிச்சு, கயிறு கடைசிவரை நேராகவே இல்லை. பத்து லிட்டர் தண்ணிதான் பாஸ்!

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் நான் அரியர் வெச்ச அதே லாமிஸ் தியரம்! ரெண்டு போல்ட் இருந்தா எடை பாதிப் பாதியா பிரியும்னு நினைக்கிறோம். கயிற்றின் ரெண்டு கைகளுக்கும் நடுவே கோணம் 60 டிகிரின்னா ஒவ்வொரு போல்ட்டுக்கும் 58 சதவிகிதம். 90-ல் 71. 120-ல் ஒவ்வொண்ணுக்கும் முழு எடை! 150 ஆச்சுன்னா கிட்டத்தட்ட டபுள். லேபிளில் இருக்கிற நம்பர் மாறவே இல்லை, கட்டின விதம்தான் மாறிச்சு. 6 மீட்டர் எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சது. கயிறு நீளமா இருந்தா கோணம் குறுகும். 60-க்குள் வெச்சுக்கோன்னார்.

முடிச்சும் பலத்தைக் கொஞ்சம் தின்னும். ரெண்டு முனையையும் 'டபுள் ஃபிஷர்மேன்' முடிச்சால் சேர்த்து, வால் 7 செ.மீ.யாவது விட்டு, பெரிய வளையமாக்கணும். அதை ரெண்டு போல்ட்டிலும் மாட்டி, இழுப்பு வரப்போற திசையில் இறக்கி, எல்லா இழையையும் சேர்த்து ஓர் எட்டு முடிச்சு. ஒரு போல்ட் பிடுங்கிட்டாலும் இன்னொண்ணு உடனே தாங்கும், சர்ருனு வழுக்காது. இதைப் படிச்சுட்டு நேரா பாறைக்குப் போயிடாதீங்க. தரையில் நூறு தடவை கட்டி, தெரிஞ்சவரிடம் காட்டிட்டு அப்புறம்.

டைனீமான்னு ஒரு ரகம் இருக்கு. ஒல்லி, ஆனா முரட்டு பலம். இதைப் பார்த்து நான் மயங்கினது நிஜம். வழவழன்னு இருக்கும், சாதா முடிச்சு நழுவப் பார்க்கும், சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிடும். நைலான் 200-க்கு மேலதான் உருகும். கயிறோடு கயிறு உரசினா சூடு எகிறுமே! புதுசா கத்துக்கிறவங்களுக்கு நைலானே நல்லதுன்னு எனக்குத் தோணுது.

அடுத்தது தேய்மானம். டாட் ஸ்கின்னர்னு அமெரிக்காவின் பெரிய க்ளைம்பர். 2006 அக்டோபரில் யோசெமிட்டியில் இறங்கிக்கிட்டிருந்தப்போ, அவர் இடுப்பில் கட்டியிருந்த ஹார்னஸின் லூப் அறுந்து இறந்துபோனார். தேய்ஞ்சிருந்தது அவருக்கே தெரியும், புதுசுக்குச் சொல்லியும் வெச்சிருந்தார். அது கயிறு இல்லை, பட்டை. ஆனா அதுவும் நைலான் மாதிரி இழைச் சமாச்சாரம்தானே? வெளியுறை பிசிறு தட்டினாலோ, விரலால் தடவும்போது உள்ளே பள்ளம் தெரிஞ்சாலோ, வெயிலில் வெளுத்துப்போனாலோ கயிறை ரிட்டயர் பண்ணிடணும்.

சாயங்காலம் கிளம்பும்போது ட்ரெய்னர் ஒரு பழைய கயிறை எடுத்து, கத்தியால் ஒரு ஜாண் நீளத் துண்டுகளா நறுக்கிக்கிட்டிருந்தார். "முழுசா குப்பையில போட்டா எவனாவது எடுத்துத் தொங்குவான் தம்பி!"

என் ஹார்டுவேர் கயிறு இப்போ ஹாஸ்டல் ஜன்னலில். நாலு ஜீன்ஸ், ரெண்டு டி-ஷர்ட், பக்கத்து ரூம்காரனின் பெட்ஷீட்.