படம் இடம் மாறினால் நகல் தட்டுக்குத் தெரியுமா?

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள் பலர் இன்று சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயத்து வாழ்க்கைக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் பழைய படங்கள்தாம். அவற்றை ஸ்கேன் செய்து ஒரு வன்தட்டில் சேர்த்து, அதே போன்ற நகலை வேறொரு வீட்டில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சிக்கல் அடுக்கி வைக்கும்போதுதான் வருகிறது.

'தீமிதி' கோப்புறையில் இருந்த 40 ஜிகாபைட் படங்களை 'திருவிழா' என்ற புதிய கோப்புறைக்கு நகர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது ஒரு நொடி வேலை. நகலெடுக்கும் மென்பொருளுக்கோ அது வேறு கதை. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கராஸும் உருவாக்கிய ஆர்சிங்க் போன்றவை, கோப்பின் பாதை, அளவு, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவற்றைத்தான் ஒப்பிடுகின்றன. பாதை மாறியதும், பழைய கோப்பு காணாமற்போனது, புதிதாக ஒன்று வந்தது என்றே அவை எண்ணும். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பில் அந்த 40 ஜிகாபைட்டை மறுபடி அனுப்பக் கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஆகும்.

நேரம் போனால் போகட்டும். அழிக்கும் கட்டளையையும் சேர்த்திருந்தால், புதிய இடத்திற்கு நகல் வந்து சேருமுன்பே பழையதை அது அழித்துவிடக்கூடும். அந்த இடைவெளியில் மூலத் தட்டு பழுதானால் படம் இரண்டு இடத்திலும் இல்லை. கட்டளையைச் சேர்க்காவிட்டால் ஒரே படம் நகலில் இரண்டு இடங்களில் கிடக்கும். ஆர்சிங்கில் அழிப்பைக் கடைசிக்குத் தள்ளும் விருப்பம் உண்டு. இடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க வழி, பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்ப்பதே. கோப்பைப் படித்து, எஸ்எச்ஏ-256 போன்ற முறையில் 64 எழுத்துக் கைரேகை ஒன்றை எடுக்கலாம். காணாமற்போன கோப்பின் கைரேகையும் புதிதாக வந்ததன் கைரேகையும் ஒன்றானால், அது நகர்ந்த கோப்பு. நகலிலும் பெயரை மாற்றினால் போதும். ஆர்குளோனில் பெயர்மாற்றத்தைத் தொடரும் விருப்பம் இப்படித்தான் வேலை செய்கிறது. இரு பக்கமும் ஒரே வகைக் கைரேகையைத் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சிங்க்திங் கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, மறுபக்கம் ஏற்கெனவே உள்ள துண்டுகளை எடுத்துக்கொள்கிறது.

கைரேகைக்கும் ஓர் எல்லை உண்டு. படத்தைத் திருப்பிச் சேமித்தாலோ வாட்ஸ்அப் வழியாக வாங்கி மாற்றி வைத்தாலோ உள்ளடக்கம் வேறாகிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது புதுப் படம்தான். ஆகவே நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் நகர்த்தி, ஒத்திசைத்து, பிறகு திருத்துங்கள்.

மென்பொருள் தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. இரண்டு தட்டுகளையும் ஒரே கணினியில் செருகி, ஒன்றில் செய்த அதே இடமாற்றத்தை மற்றதிலும் கையால் செய்துவிட்டு ஒத்திசையுங்கள். பாதையும் அளவும் நேரமும் பொருந்திவிடுவதால் நகலெடுக்க ஒன்றும் இருக்காது. அதற்கு முன்பாக ஒத்திகை ஓட்டம் ஒன்றை நடத்தி, எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்ற பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.