மணியோசையும் கணினியும்

சென்ற மாதம் நம் சங்க நண்பர் ஒருவர் என்னிடம், "சார், நீங்க காலேஜில கம்ப்யூட்டர்தானே சொல்லிக் குடுக்கிறீங்க? அப்புறம் எதுக்குப் பிள்ளைங்களை வீடு வீடா அனுப்புறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் லைன் வீட்டில். அப்பா வைண்டிங் என்ஜின் ஓட்டினார். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்ட சுரங்கம் அது. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கீழே போனபின் அப்பாவின் கண்ணுக்குத் தெரியாது. கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள்ளும், மணியோசையும்தான் அவருக்குத் துணை. நிறுத்த இத்தனை மணி, இறக்க இத்தனை மணி, ஆட்கள் ஏறும்போது தனி மணி என்று பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். தமிழரோ தெலுங்கரோ, படித்தவரோ படிக்காதவரோ, எல்லோருக்கும் ஒரே மணிதான். மனிதனும் இயந்திரமும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போய்விடும் அல்லவா?

அந்தப் புரிதலைப் பற்றிய படிப்புதான் 'மனித-கணினி ஊடாட்டம்'. பொருள்களை வடிவமைக்கும் கல்வியோடு பிணைந்தது இது. அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-இல் தொழில் வடிவமைப்பு மையமும் தொடங்கின. நாம் ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்துக்கு வடிவம் கொடுத்தவர்கள் அந்த மையத்தின் ஆசிரியர்களே. எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்து, பக்கத்துப் பொத்தானை அழுத்துகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஒலி கேட்கிறது. "உன் ஓட்டு விழுந்துவிட்டது" என்று இயந்திரம் பதில் சொல்லிவிட்டது!

இதை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது? முதலில் மாணவர்கள் மனிதர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு திரையைக் காகிதத்தில் வரைய வேண்டும். அதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் மிகக் கடினம்.

ஒருமுறை என் மாணவி ஒருத்தி, ஓய்வூதியத்துக்கான திரையைக் காகிதத்தில் வரைந்து, தங்கவயலில் என் அப்பாவின் பழைய தோழர் ஒருவரிடம் கொடுத்தாள். 'சமர்ப்பி' என்ற பொத்தானுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். "யாருக்கும்மா சமர்ப்பிக்கணும்? சாமிக்கா?" என்றார். அவள் விளக்கப் போனாள். நான் கண்ணால் தடுத்தேன். சற்றுப் பொறுத்து அவர், "எனக்குப் படிப்பு இல்ல பாப்பா. தப்பு என்மேலதான்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு நெஞ்சு வலித்தது. சுரங்கத்தில் இருந்த காலமெல்லாம் ஒரு மணியையும் தவறாகக் கேட்காத மனிதர், ஒரு துண்டுக் காகிதத்தின் முன் தம்மைக் குற்றவாளியாக்கிக் கொள்கிறார். தவறு அவருடையதா? "இல்லை தாத்தா, நான் எழுதினதுதான் தப்பு" என்று மாணவி சொன்னாள். அன்றே அந்தச் சொல்லை 'அனுப்பு' என்று மாற்றினாள். கிளம்பும்போது பெரியவர், "அழுத்தினதும் மணி அடிக்குமா பாப்பா?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்ததென்று திரை பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் ஒரு வாரம் பாடம் நடத்துவேன். அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

பெற்றோர்களே, கணினித் துறை என்றால் நிரல் எழுதுவது மட்டுமல்ல. படம் வரைகிற பிள்ளையை, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். 2015 முதல் நடைபெறும் 'யூசீட்' என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்களும் எழுதலாம். 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னத்தை உருவாக்கிய உதயகுமாரும் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இத்துறையில் பயின்ற தமிழரே.

தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மணியும் ஓய்ந்தது. ஆனால் அந்த மணி கற்றுக்கொடுத்த பாடம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் சோறு போடும்.