ஊர் வேறு, மொழி வேறு... உரிமை ஒன்றுதான்! வால்பாறை வடமாநிலத் தொழிலாளர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தவர்கள்தான் இங்கே தேயிலை பறித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். இன்று அதே லைன் வீடுகளில் அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வசிக்கின்றன.

இவர்களில் ஒருவர் தாக்கப்பட்டால், ஒரு பெண்ணிடம் யாராவது அத்துமீறினால் என்ன செய்வது? தமிழ் தெரியாது. வேலையும் வீடும் எஸ்டேட் கையில். 'சொந்த ஊருக்குப் போய்த்தான் புகார் கொடுக்கணுமோ' என்ற குழப்பம் வேறு. வாயை அடைக்க இவையே போதும். ஆனால், சட்டம் சொல்வது வேறு.

புகார் எங்கே கொடுப்பது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இதுதான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' மின்னணு முறையிலும் அனுப்பலாம்; 3 நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் போலீஸார் தெரிவிக்க வேண்டும். புகாரை வாங்க மறுத்தால், மாவட்ட எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்...

பாலியல் குற்றம் குறித்துப் பாதிக்கப்பட்ட பெண் தரும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். போக்சோ வழக்கில் குழந்தைக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

வக்கீல் ஃபீஸ் இல்லையே?

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நின்றுபோனாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்டு மனு செய்யலாம்.

இது ஏட்டளவு உரிமையில்லை என்பதற்கு மலையடிவாரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2019-ல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வழக்கில், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

பக்கத்து லைன் வீட்டில் இந்தி பேசும் குடும்பம் இருக்கிறதா? இந்த எண்களை அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. நம் தாத்தா, பாட்டி இந்த மலைக்கு வந்தபோது இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததில்லை!