உஷார்! அப்பாவுக்காகக் கத்தியில் பேர் வெட்டப் போகிறீர்களா?

ஜூன் மாதத்து மூன்றாவது ஞாயிறு அப்பாக்கள் தினம். சட்டையும் பர்சும் வாங்கிக் கொடுத்து அலுத்துவிட்டது, இந்த முறை ஒரு நல்ல பேனாக்கத்தி வாங்கி அதில் என் கையாலேயே ‘அப்பா’ என்று வெட்டிக் கொடுக்கிறேன் என்று நினைக்கிற மகனோ மகளோ கிள்ளான் மேருவில் இருந்தால், உளியைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆசை அருமையான ஆசைதான். தோட்டத்தில் வளர்ந்த அப்பாக்களுக்குப் பேனாக்கத்தி கூடவே இருந்த துணை. பாக்குச் சீவ, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் இந்தப் பரிசில் இரண்டு இடத்தில் ஆபத்து இருக்கிறது. ஒன்று செய்கிற உங்கள் கையில். இன்னொன்று வாங்குகிற அப்பாவின் சட்டைப்பையில்.

முதலில் கை. கத்தியின் கூர்மையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் குத்தப்போவது உங்கள் வலது கையில் இருக்கிற சிற்றுளி. குத்து வாங்கப்போவது கத்தியைப் பிடித்திருக்கிற இடது கை. புதிதாகச் செய்கிறவர் கத்தியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் உளியைத் தள்ளுவார். ‘ப’வின் நேர்கோடு சமர்த்தாக வந்துவிடும். ‘அ’வின் வளைவு வந்ததும் மாட்டிக்கொள்வார். வளைவில் உளியைத் திருப்பக் கூடாது, பொருளைத்தான் திருப்ப வேண்டும். அது தெரியாமல் மணிக்கட்டை முறுக்கி அழுத்தும்போது, முனை உலோகத்தை விட்டு வழுக்கி நேராகக் கட்டைவிரலின் அடிச்சதையில் இறங்கும். முனை மழுங்கியிருந்தால் இன்னும் மோசம். வெட்டாத உளியை நாம் கூடுதல் பலத்தோடு தள்ளுகிறோம். அந்தப் பலம் முழுக்கக் கைக்குத்தான் வந்து சேரும்.

காயம் வெளியே பார்க்க ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். விரலை மடக்குகிற தசைநாணும் உணர்ச்சி தருகிற நரம்பும் உள்ளங்கைப் பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. காயத்தைச் சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்தி வையுங்கள். உளியின் நுனி உடைந்து உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள். சுண்ணாம்பு, காப்பித் தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். ரத்தம் நின்ற பிறகும் விரல் நுனி மடங்கவில்லை என்றாலோ, விரலின் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அறுந்த தசைநாணின் முனைகள் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். நாள் தள்ளத் தள்ளத் தைப்பது கஷ்டம். தைத்த பிறகும் வாரக்கணக்கில் கட்டும் பயிற்சியும் உண்டு. டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

இதைத் தவிர்க்க நம் பத்தர்கள் ரொம்பக் காலமாகச் செய்கிற ஒரு வேலை போதும். அவர்கள் நகையைக் கையில் பிடித்துச் செதுக்குவதில்லை. அரக்கை இளக்கி, அதில் பொருளைப் பதித்து, இறுகிய பிறகுதான் உளி வைப்பார்கள். வளைவு வந்தால் அரக்குக் கட்டையையே திருப்புவார்கள். வீட்டில் அரக்கு இல்லையென்றால் மேசையில் பூட்டுகிற சின்ன வைஸ் போதும். கத்தியை மூடி, சுற்றிலும் நாடா ஒட்டி, வைஸில் இறுக்குங்கள். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். முனை கூராக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள்: பற்றினால் கூர், வழுக்கினால் தீட்ட வேண்டும்.

அலகில் பேர் வெட்ட வேண்டும் என்ற ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அலகு தீயில் கடினமாக்கப்பட்ட எஃகு. மலிவான உளி அதில் வழுக்கத்தான் செய்யும். இளக்கலாம் என்று அடுப்பில் காட்டினால் நிறம் மாறி, பதம் போய், கத்தி கத்தியாகவே இருக்காது. உப்புத் தண்ணீரும் பேட்டரியும் வைத்து எழுத்தை அரிக்கிற வித்தையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதில் குளோரின் வாயு கிளம்பலாம், ஸ்டெயின்லெஸ் எஃகு என்றால் நச்சான குரோமியக் கழிவும் சேரும். அடைத்த அறையில் செய்யவே கூடாது. வெட்டுவதற்கு உகந்த இடம், பிடியின் தலைப்பில் இருக்கிற பித்தளைப் பூண். பூண் உள்ள கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். பூணில் வெட்டுவதற்கு முன் ஒரு பித்தளைத் தகட்டில் அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பழகுங்கள்.

கண்ணாடி போடாமல் உட்கார வேண்டாம். முக்கியமாகச் சுத்தியலால் உளியைத் தட்டுகிறவர்கள். தெறிக்கிற இரும்புத் துணுக்கு வலியே இல்லாமல் கண்ணுக்குள் போய்விடக்கூடும். உறுத்தினால் தேய்க்காதீர்கள், நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

இனி சட்டைப்பை. இதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, எனக்கு அதிகப் பயமும் இதில்தான். நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருட்கள், வெடிபொருட்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் இருக்கிறது. சுருக்கமாக 357ஆம் எண் சட்டம். தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதன்படி ஆயுதமாகலாம். முறையான காரணம் இல்லாமல் அதைப் பொது இடத்தில் வைத்திருந்தால், 6(1) பிரிவின் கீழ் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் விதிக்கலாம். கையில் வைத்திருப்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை, உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதையும் சொல்கிறது. காரின் டேஷ்போர்டுக்குள் கிடக்கிற கத்தியும் இதில் வரும். தோட்ட வேலைக்குக் கொண்டுபோகிறவருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் போலீஸ் சோதனையில் நிறுத்தப்படுகிற அப்பா என்ன சொல்வார்? ‘என் பிள்ளை கொடுத்த பரிசு’ என்பது கத்தி எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லும். எதற்காகப் பையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்தினால் அலகு துள்ளி வெளியே வருகிற கத்திக்கும் குத்துவாளுக்கும் சுங்கத்துறையின் இறக்குமதித் தடை இருக்கிறது. படம் அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிடாதீர்கள். கையால் திறந்து மடக்குகிற சாதாரணப் பேனாக்கத்தி போதும். அப்பா ஊருக்குப் போகும்போதும் கவனம். கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டிய பேரோடு. கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், விமானத்தில் ஏற்றுகிற பெரிய பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

கை நடுங்குகிறது, நேரமில்லை என்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய், நகை வேலையும் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வேலையும் தெரிந்தவர்களை விசாரியுங்கள். பழகின கையிடம் கொடுத்து வாங்குவதில் பாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

நீங்களே வெட்டினாலும் சரி, கொடுத்து வெட்டி வாங்கினாலும் சரி, கொடுக்கிற அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்: “அப்பா, இது வீட்டிலேயே இருக்கட்டும். வெளியே போகும்போது பையில போட்டுக்காதீங்க.” அவர் மறந்துவிடுவார் என்றால் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.