வராதவர்களின் கணக்கு

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் நாம் உபாத்தியாயராக இருந்தோம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி; கணக்கில் வெகு கெட்டிக்காரி. தீபாவளிக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மை வரிசையாக விழுந்துகொண்டே போயிற்று. ஒரு மாதம் தாண்டியதும், பெயரை அடித்துவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோமே என்று ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம்.

திண்ணையில் சிறுமியின் அப்பத்தா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. மகனும் மருமகளும் விடியுமுன்பே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். கிழவியைக் கைபிடித்து அழைத்துப் போகவும், வேளைக்குச் சோறு போட்டுக் கையில் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நமது ஆறாம் வகுப்புக் கெட்டிக்காரி.

"மூன்று மைலில் இனாமாகக் கண் முகாம் நடந்ததே, பாட்டி! போயிருக்கலாமே?" என்றோம்.

"போகலாம், வாத்தியாரய்யா. யாரு கூட்டிட்டுப் போறது? மகன் வந்தா அவன் கூலி போச்சு. கண்ணைக் கீறிப்பிட்டா எப்படித் திரும்பி வர்றது, அங்கே என்னத்தைச் சாப்பிடுறது? போய்ப் பார்வை வந்தவுக யாரையும் நான் கண்டதில்லையே" என்றாள்.

நாம் ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு வந்தோம். பாவம், கிழவியின் அறியாமை என்று நினைத்துக்கொண்டோம். அவள் கேட்ட மூன்று கேள்விகளும் எவ்வளவு சரியான கேள்விகள் என்பது பின்னால், அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் வரலாற்றைப் படித்தபோதுதான் நமக்கு உறைத்தது.

மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று நிர்வாக சாஸ்திரிகள் இக்காலத்தில் ஒரு பெரிய பெயர் சொல்லுகிறார்கள். விஷயம் பெயரளவு பெரியதல்ல. ஒரு ஸ்தாபனம் தன் ஏற்பாடுகளை மாற்ற எண்ணினால், அதிகாரியின் மேஜையிலிருந்து தொடங்காமல், அந்த ஏற்பாட்டினால் பயன் பெற வேண்டியவருடைய ஒரு நாள் வாழ்க்கையிலிருந்து தொடங்கவேண்டும். சிறிய அளவில் செய்து பார்த்து, தவறினால் திருத்திக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ஆம் வருஷம் வடமலாபுரம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். இராணுவத்தில் வைத்தியராக இருந்த இளமையிலேயே முடக்குவாதம் பற்றி அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கத்தி பிடிக்கப் புதிதாகப் பழகிக்கொண்டு கண் வைத்தியரானார். 1976-ல், 58-ஆம் வயதில், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடம் பக்தி கொண்டு அப்பெயரையே அதற்கு வைத்த அவர், அமெரிக்காவின் மக்டொனால்ட்ஸ் உணவுக் கடைகளையும் வியந்து பேசுவார் என்பது வேடிக்கையான விஷயம். எந்த ஊரில் போனாலும் ஒரே தரத்தில் பலகாரம் கொடுக்க முடியுமானால், பார்வையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்பது அவர் கேள்வி. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் ரண சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பழக்கி, டாக்டர் செய்ய வேண்டாத வேலைகளையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இவ்விதமாக ஆஸ்பத்திரிக்குள்ளே வேலை மளமளவென்று நடந்தது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே? கிராமங்களில் முகாம் போட்டார்கள், கூட்டம் கூடிற்று, பரிசோதித்துச் சொன்னார்கள். ரண சிகிச்சை இனாம் என்றும் சொன்னார்கள். அப்படியிருந்தும் அநேகர் வரவில்லை. விசாரித்ததில், இனாம் என்ற சொல் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்திற்று என்பது தெரிந்தது. பஸ் கட்டணம் இனாமல்ல, சாப்பாடு இனாமல்ல, கூட வருகிறவரின் கூலி நஷ்டமும் இனாமல்ல. நமது கிழவி போட்ட கணக்கும் இதுவேதான்!

இங்கேதான் ஸ்தாபனம் தன்னை மாற்றிக்கொண்டது. ஜனங்களுக்கு இன்னும் உரத்த குரலில் உபதேசம் செய்வது சுலபமான வழி, செலவும் குறைவு. அரவிந்தில் அதை விட்டு, முகாமிலிருந்து நோயாளிகளைக் கூட்டமாகப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்து வந்து, படுக்கப் பாயும் உண்ண உணவும் தந்து, சிகிச்சை முடிந்ததும் ஊரிலேயே கொண்டு விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வருவதால் துணைக்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை. பயமும் பாதி குறைகிறது. முகாம் செலவை அந்தந்த ஊர்ப் பிரமுகர்களும் சங்கங்களும் ஏற்றுக்கொள்ள, பணம் கொடுத்துச் சிகிச்சை பெறுகிறவர்களின் வருமானம் மற்றதைத் தாங்கிற்று. பணம் கொடுப்பதா, இனாமாகப் பெறுவதா என்பதையும் நோயாளியே தீர்மானிக்கலாம். ஏழை என்பதற்கு அத்தாட்சி காட்டு என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் தர்ம காரியம் செய்யும் எத்தனையோ இடங்களில் ஏழையைப் பார்த்து முதலில் கேட்பது அந்த அத்தாட்சியைத்தான்.

எந்த வழியில் அழைத்தால் ஜனங்கள் வருவார்கள் என்பதையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் எட்டு வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 1991-ல் வெளியாயிற்று. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது நல்ல பலன் தந்தது. அதோடு, ஏற்கெனவே புரை எடுத்துப் பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் நல்ல பலன் தந்தது. விளம்பர வண்டியைக் காட்டிலும், அடுத்த தெருக்காரியின் தெளிந்த கண் நல்ல சாட்சியல்லவா?

மற்றொரு மாறுதல். அக்காலத்தில் புரையை எடுத்தபின் தடித்த மூக்குக் கண்ணாடி போட வேண்டும். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மனிதர் மறுபடியும் குருடர்தான். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் இதற்குப் பரிகாரம். ஆனால் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாதது. ஆகவே 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை மதுரையிலேயே தொடங்கி, மிகக் குறைந்த விலையில் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். லென்ஸ் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம்!

இவ்வளவுக்குப் பிறகு வந்தது ஓர் அடி. அரவிந்தைச் சேர்ந்தவர்களும் பங்குகொண்ட ஓர் ஆராய்ச்சி 1999-ல் வெளியாயிற்று. கிராமங்களில் கண் கோளாறுள்ள வயது வந்தவர்களில், முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேருக்கும் குறைவு என்று அது கண்டது. முகாமில் திருவிழாக் கூட்டம் நின்றதைப் பார்த்து மகிழ்ந்தவர்களுக்கு இந்த எண் எப்படி இருந்திருக்கும்! கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர் தெரிவதில்லை. புகழ் பெற்ற ஸ்தாபனம் ஒன்று இப்படிப்பட்ட எண்ணைத் தானும் சேர்ந்து கண்டுபிடித்து, அச்சிட்டும் வெளியிடுவது சாதாரண காரியமல்ல. வருஷாந்தர அறிக்கைகளில் நாம் அதிகம் காணாத பண்பு இது.

வருஷத்தில் ஒரு நாள் வந்து போகும் முகாமை நம்பிக் கண் நோவு காத்திருக்காது. ஆகையால் 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். பழக்கப்பட்ட பெண் ஊழியர் கண்ணைச் சோதிப்பார். பெரிய ஆஸ்பத்திரியிலிருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் வழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் ஏற்பட்டுவிட்டன. டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். மாறுதல் அவரோடு நின்றுவிடவில்லை.

நமது கிழவியின் கதைக்கு வருவோம். நம் பிரசங்கத்தால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து ஊரில் மறு முகாம் வந்தபோது, புரை எடுத்துக்கொண்ட மேலத் தெரு அம்மாள் ஒருத்தி திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, கிழவியின் முகத்துக்கு நேரே தன் கண்ணைக் காட்டி, "நீ கட்டியிருக்கிறது ஊதாச் சேலை, சரிதானே?" என்று கேட்டாளாம். இருவருமாகப் பஸ் ஏறினார்கள். சில நாட்களில் கிழவி பச்சைத் துணி மறைப்போடு திரும்பினாள்.

மறு வாரமே சிறுமி பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆனால் அதற்குள் அவள் பெயரை அலுவலகத்தில் அடித்துவிட்டார்கள். மறுபடி சேர்க்க விண்ணப்பம் வேண்டும். தகப்பனார் நேரில் வந்து, வேலை நாளில், காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையே கையெழுத்திட வேண்டும். விதி அப்படி. ஒரு நாள் கூலி!

நாம் விண்ணப்பத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இருட்டிய பின் அவர்கள் வீட்டுக்குப் போனோம். எந்த வரியில் எழுதவேண்டும் என்று சிறுமி விரலால் காட்ட, தகப்பனார் தாளைக் கண்ணருகே வைத்துக்கொண்டு தடுமாறினார். திண்ணையிலிருந்து கிழவி, "லைட்டைப் போடுடி. உங்கப்பனுக்குக் கண்ணு தெரியலை" என்றாள்.