ஒளிப்பெட்டி – 14: கணபதியில் வெட்டிய பல்சக்கரம்

போன வாரம் ஸ்டூடியோ இருட்டறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே கழுவப்பட்ட பிலிமில் பெரும்பகுதி 120 ரோல்தான். கோடாக் 1901-இல் கொண்டுவந்த அளவு அது. ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் விழும். சாதாரண 35 எம்.எம். பிலிமோடு ஒப்பிட்டால் ஒரு படத்தின் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்தில் இணைச்சீர் படத்தை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையோடு நிற்கும் அக்காவின் சேலைக் கரைகூடத் தெளிவாகத் தெரியும். பெரிய நெகட்டிவ் தந்த தெளிவு அது.

இந்த அளவுக்கான கேமராக்களைப் பல சின்னக் கம்பெனிகள் செய்தன. அவற்றில் பல இன்று இல்லை. யோஷினோ சென்சபுரோ 1959-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரானிக்கா, 1998-இல் டாம்ரானிடம் போய், 2005-இல் நின்றது. யாஷிகாவை 1983-இல் வாங்கிய கியோசெராவும் அதே 2005-இல் கேமராத் தொழிலை விட்டு விலகியது. மாமியாவை 2015-இல் டென்மார்க்கின் பேஸ் ஒன் வாங்கிக்கொண்டது.

என்னிடம் 120 கேமரா இரண்டு உண்டு. ஒன்று இரட்டை லென்ஸ் வைத்தது, முழுக்க இயந்திரம். இன்னொன்று மின்சார ஷட்டர் உள்ளது. இரண்டுமே ஒரே வருஷத்தில் படுத்துவிட்டன. முதல் கேமராவில் பிலிம் சுற்றும் பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருந்தது. இரண்டாவதில் மின்பலகை போய்விட்டது. இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்கிறவர் அவர்.

பல்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வெர்னியர் வைத்து அளந்தார். "இதுக்கென்னங்கண்ணா, பித்தளையில வயர் கட்ல போட்டுக்கலாமுங்க" என்றார். மின்பலகையை மட்டும் வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பல்லுன்னா எண்ணிக்கலாமுங்க. இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு நான் எப்படிங்க எண்ணறது?"

சின்னக் கம்பெனிகளின் கேமராக்களுக்கு எதிர்காலம் உண்டா என்று யார் கேட்டாலும், இப்போது எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

உதிரிப் பாகம் செய்வது கோவைக்குப் புதிய வேலை இல்லை. 1888-இல் இங்கே முதல் பஞ்சாலை வந்தது. மில்களின் இயந்திரங்கள் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை. பாகம் தேய்ந்தால் அங்கிருந்து மாற்றுப் பாகம் வரும்வரை தறியை நிறுத்திவைக்க முடியுமா? பவுண்டரியில் ஊற்றினார்கள், லேத்தில் கடைந்தார்கள். உதிரிப் பாகம் செய்யப் பழகிய கைதான் பிற்பாடு மோட்டாரையும் பம்பையும் முழுசாகச் செய்தது. ஜி.டி. நாயுடு பிறந்து வளர்ந்த மண் இது. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படச்சுருளில் பதிவு செய்தவர் அவர். கேமராவை வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், அதற்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

சரி, பாகம் கிடைத்துவிட்டது. பிலிமுக்கு எங்கே போவது? இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஊட்டி. 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-இலிருந்து அங்கே 'இந்து' என்ற பெயரில் பிலிமும் போட்டோ காகிதமும் செய்தது. தூசி குறைந்த மலைக்காற்று அந்தத் தொழிலுக்குத் தோதானது. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் எத்தனையோ அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவை. பல ஆண்டு நலிந்து கிடந்த அந்த ஆலை கடைசியில் மூடப்பட்டது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டும் 2004-இல் நொடித்தது. ஆனால் அங்கே வேலை பார்த்த மேலாளர்கள் சிலர் 2005-இல் கறுப்பு வெள்ளைப் பிரிவைத் தாங்களே வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்று நடத்தத் தொடங்கினார்கள். இன்று என் கேமராவில் ஏறுவது அந்தக் கம்பெனி செய்யும் 120 ரோல். ஊட்டியில் அப்படி நாலு பேர் கையில் அந்த ஆலை போய்ச் சேர்ந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கம்பெனியையே நம்பியிருக்கும் சிக்கல் டிஜிட்டலில் இன்னும் இறுகியிருக்கிறது. ஹாசல்பிளாட் 2017-இல் ட்ரோன் செய்யும் டிஜேஐ-யின் கைக்குப் போனது. அதே ஆண்டு பியூஜிபிலிம் தன் ஜிஎப்எக்ஸ் வரிசையைத் தொடங்கியது. இரண்டு கம்பெனிகளும் தங்கள் 44×33 எம்.எம். கேமராக்களுக்கு சோனியிடமிருந்து சென்சார் வாங்குகின்றன. படம் அபாரமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சென்சார், பேட்டரி, மென்பொருள் எல்லாமே கம்பெனி உயிரோடு இருக்கும்வரைதான். சின்னக் கம்பெனி கேமரா விற்கும்போதே அதன் வரைபடத்தையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். 6×6 செ.மீ. சதுரப் படம் எடுக்கும் 120 கேமராவின் உடம்பு வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, கொஞ்சம் பல்சக்கரம், லென்ஸ் பொருத்த ஒரு முகப்பு. லென்ஸையும் ஷட்டரையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால், மற்றதை ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் செய்துவிட முடியும்.

பத்து நாள் கழித்துச் சக்கரத்தை வாங்கப் போனேன். ஒன்று கேட்டதற்கு மூன்று வெட்டி வைத்திருந்தார். பழைய டைரி ஒன்றை எடுத்துக் காட்டினார். பம்பு இம்பெல்லர் அளவுகளுக்கு நடுவே என் கேமராவின் பல்சக்கரம், பென்சிலில், அளவுகளோடு. "இதே கேமரா வேற யாராச்சும் கொண்டாந்தா வேணுமில்லீங்க" என்றார்.