கால் பிசகினால் உருவி விடாதீர்கள்

பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து இறங்குகிறோம். தரையில் சிறு பள்ளம். பாதம் உள்பக்கமாக மடங்கி, உடல் எடை முழுவதும் அதன் மேல் விழுகிறது. அரை மணி நேரத்தில் வெளிப்பக்கக் கணுக்கால் புடைத்துக்கொள்கிறது. "நரம்பு பிசகியிருக்கும், தைலம் போட்டு உருவினால் சரியாகிடும்" என்று பக்கத்திலிருப்பவர் சொல்கிறார். அன்போடுதான் சொல்கிறார். ஆனால் பிசகியது நரம்பு அல்ல. எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் தசைநார், அதாவது லிகமென்ட், கிழிந்திருக்கிறது. கிழிந்த நாரை அழுத்தி உருவினால் ரத்தக்கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

மூன்று எலும்பு சேரும் இடம்

உங்கள் கணுக்காலின் இரு பக்கமும் விரலை வைத்துப் பாருங்கள். உள்பக்க மேடு முழங்கால் கீழெலும்பின் நுனி. வெளிப்பக்க மேடு, அதை ஒட்டி ஓடும் மெல்லிய எலும்பின் நுனி; இது சற்றுத் தாழ்ந்து இறங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே, இடுக்கியில் பிடித்ததுபோல உட்கார்ந்திருப்பது தாலஸ் எலும்பு. உடல் எடையைப் பாதத்துக்குக் கடத்தும் இந்த எலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. அதை நிறுத்தி வைப்பது எலும்புகளின் பொருத்தமும் தசைநார்களும்தான்.

தாலஸின் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். கால்விரல் நுனியை மேலே தூக்கினால் அகலமான பகுதி இடுக்கியில் இறுகிவிடும். கால்விரல் நுனியைக் கீழே நீட்டினால் குறுகிய பகுதி வந்து, மூட்டு தளர்கிறது. படி இறங்கும்போதும், குதித்துத் தரையைத் தொடும்போதும், ஹீல்ஸ் போட்டு நடக்கும்போதும் கால் மடங்குவது இதனால்தான்.

வெளிப்பக்கம்தான் முதலில் கிழியும்

உள்பக்கத்தில் முக்கோண வடிவில், தடித்த, வலுவான தசைநார்த் தொகுதி இருக்கிறது. வெளிப்பக்கத்தில் தனித்தனியாக மூன்று நார்கள். அவற்றில் முன்னால் இருப்பது மிக மெலிந்தது. பாதம் உள்பக்கம் மடங்கினால் பெரும்பாலும் முதலில் கிழிவது அதுதான்.

முதல் இரண்டு நாள்

காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் வேண்டாம். தோல் புண்ணாவதுகூடத் தெரியாது. கிரேப் பேண்டேஜை மிதமாகச் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம், தைலம், உருவல் மூன்றும் வேண்டாம்.

எக்ஸ்ரே எப்போது?

அடிபட்ட உடனேயும் பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் மேடுகளின் நுனியிலோ பின் ஓரத்திலோ தொட்டால் எலும்பே வலிக்கிறதா? சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடு ஓரத்தில் தொட்டால் வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 1992-இல் கனடா மருத்துவர்கள் வகுத்த ஒட்டாவா விதிகளின் சாரம் இது.

மறக்கப்படும் பாதி வைத்தியம்

வீக்கம் வடிந்ததும் பலர் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு நுனிகள் தசைநாரில் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தத் தகவலும் தடுமாறுகிறது. ஒருமுறை சுளுக்கிய காலே மறுபடி மறுபடி சுளுக்க இது முக்கியக் காரணம்.

மருந்து எளிது. வலி குறைந்ததும் சுவரைத் தொட்டபடி அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். பழகியதும் கையை எடுத்துவிடுங்கள். பல் தேய்க்கும் நேரத்திலேயே செய்துவிடலாம். நார் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டதென்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.